பிள்ளைகள் கொசுப்புழு எண்ணுவது ஆராய்ச்சியா?

ஜூலை 14, இரவு 9.10 (கேள்வி)

எட்டாவது படிக்கிற என் மகள் கொஞ்ச நாளாக டார்ச் லைட்டும் வெள்ளைக் கிண்ணமுமாகத் தெருத் தெருவாகச் சுற்றுகிறாள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வாம். அடுத்த வீட்டுத் தொட்டியை எட்டிப் பார்ப்பதெல்லாம் ஆராய்ச்சியா? டெங்குவைப் பற்றி பெரிய பெரிய விஞ்ஞானிகளே கண்டுபிடித்து வைத்தாயிற்று. இவள் புதிதாக என்ன சொல்லப் போகிறாள்? சுகாதாரம் சொல்லித்தர ஒரு டாக்டரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசச் சொன்னால் போதாதா? சான்றிதழுக்காகப் பிள்ளையின் படிப்பு நேரம் போகிறதோ என்று கவலையாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூலை 14, இரவு 10.40

அண்ணாச்சி, நான் அறிவியல் டீச்சர். இந்த மாநாட்டுக்கு வழிகாட்டி ஆசிரியராகவும் இருக்கிறேன், அதனால் ஒரு பக்கம் சாய்ந்துதான் பேசுவேன்.

டாக்டர் பேச்சு நிறையக் கேட்டாயிற்று. 2012-ல் நம் திருநெல்வேலி மாவட்டத்தை டெங்கு போட்டு ஆட்டியபோது எங்கள் பள்ளிக்கு யாராவது வந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். தண்ணீர் தேங்க விடாதீர்கள், சுற்றுப்புறத்தைச் சுத்தமாக வையுங்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் அரசுக் கணக்குப்படி 12,826 பேருக்கு டெங்கு, 66 மரணம். 2017-ல் 23,294 பேர், 65 மரணம். நடுவில் அந்தப் பேச்சு நிற்கவே இல்லை.

பேச்சைக் கேட்ட பிள்ளை வீட்டுக்குப் போய் 'நீ தொட்டியே கழுவ மாட்டேங்கிற' என்று அம்மாவைத் திட்டும். எண்ணிப் பார்த்த பிள்ளை, 'இந்தத் தெருவில் மட்டும் ஏன் இவ்வளவு புழு?' என்று கேட்கும். எனக்கு இந்த இரண்டாவது பிள்ளைதான் வேண்டும்.

ஜூலை 15, காலை 6.20

இது யார் நடத்துவது, அரசாங்கமா என்று கீழே ஒருவர் கேட்டிருந்தார். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-ல் தொடங்கிய தன்னார்வ அமைப்பு. லாபம் கிடையாது, பெரும்பாலும் ஆசிரியர்கள், பேராசிரியர்கள், வங்கி ஊழியர்கள், மாணவர்கள் கைக்காசு போட்டு ஓடுகிற வேலை. 'துளிர்' மாத இதழ் இவர்களுடையதுதான். ஊர் ஊருக்கு துளிர் இல்லங்கள் என்ற குழந்தைகள் அறிவியல் மன்றங்கள் இருந்தன, சில ஊர்களில் இன்னும் இருக்கின்றன. தொண்ணூறுகளின் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் இரவுப் பள்ளி நடத்தியவர்கள் பலர் இங்கிருந்து போனவர்கள்.

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-ல் தொடங்கியது. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவோடு வந்தது, தமிழ்நாட்டில் வேலையை இழுத்துச் செய்தது அறிவியல் இயக்கம். 10 முதல் 17 வயது வரை. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று மூன்று படி. தன் ஊர்ப் பிரச்சினையாக இருக்க வேண்டும், தன் மொழியில் எழுதலாம், சொல்லலாம். பள்ளிக்கூடம் போகாத பிள்ளையும் கலந்துகொள்ளலாம். இந்தக் கடைசி விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆடு மேய்க்கிற பையனுக்குப் புல்லைப் பற்றித் தெரிந்தது எனக்குத் தெரியாது.

ஜூலை 15, இரவு 9.55

இப்போது ஆராய்ச்சியா இல்லையா என்பதற்கு வருகிறேன்.

உங்கள் மகளின் நோட்டில் மூன்று கணக்கு இருக்கும், வாங்கிப் பாருங்கள். பார்த்த வீடுகளில் நூற்றுக்கு எத்தனை வீட்டில் புழு இருந்தது, அது வீட்டுக் குறியீடு. தண்ணீர் இருந்த பாத்திரங்களில் நூற்றுக்கு எத்தனையில் புழு இருந்தது, அது கொள்கலன் குறியீடு. நூறு வீட்டுக்குப் புழு உள்ள பாத்திரம் எத்தனை, அது பிரிட்டோ குறியீடு. 50 வீடு பார்த்து 10 வீட்டில் புழு இருந்து, அந்த 10 வீட்டில் 15 பாத்திரத்தில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 20, பிரிட்டோ 30. ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு வரும் கணக்குதான். சுகாதாரத் துறை பூச்சியியல் வல்லுநர்களும் இதே மூன்றைத்தான் போடுகிறார்கள்.

அடையாளம் காண்பதும் கடினம் இல்லை. மலேரியா கொசுவான அனாபிலிஸின் புழு தண்ணீர் மட்டத்தோடு படுத்த மாதிரி கிடக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ், யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் இவற்றின் புழுக்கள் தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். அவற்றில் ஏடிஸுக்கு மூச்சுக்குழாய் குட்டை, டார்ச் அடித்தால் நெளிந்து நெளிந்து அடியில் போய்விடும். இங்க் ஃபில்லரில் உறிஞ்சி வெள்ளைக் கிண்ணத்தில் விட்டு ஒரு பூதக்கண்ணாடி வைத்தால் தெரிந்துவிடும். வெள்ளைக் கிண்ணம் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

ஜூலை 18, இரவு 10.15

எங்கள் பிள்ளைகள் செய்த ஆய்வைச் சொல்லாமல் இது முழுமை ஆகாது. ஊர் பெயர் வேண்டாம்.

ஆரம்பத்தில் எல்லாரும் எதிர்பார்த்தது, சாக்கடை ஓரத்து வீடுகளில்தான் புழு அதிகம் என்று. நானும் தடுக்கவில்லை, போய்ப் பார்க்கட்டும் என்று விட்டேன். சாக்கடை ஓரத்தில் கிடைத்தது பெரும்பாலும் கியூலெக்ஸ். ஏடிஸ் இருந்தது நல்ல தண்ணீரில். சிமெண்ட் தொட்டி, பிளாஸ்டிக் டிரம், மூலையில் கிடந்த ஆட்டுக்கல், மாடிப்படிக்கு அடியில் டயர், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு. ஊரிலேயே சுத்தமான வீடு என்று பெயர் வாங்கிய வீட்டு டிரம்மில் புழு. கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்ட வாசல், உள்ளே போனால் அப்படி.

ஒரு பிள்ளை தெருவாரியாகப் பிரித்துப் போட்டாள். மேலத்தெருவில் குறைவு, கீழத்தெருவில் பல மடங்கு. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அவளே இரண்டு தெருவிலும் போய் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டாள்: குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும்? மேலத்தெருவுக்கு அடிக்கடி வருகிறது. கீழத்தெருவுக்கு வாரம் கழித்துத்தான், அதுவும் எப்போது என்று சொல்ல முடியாது. அதனால் அங்கே ஒவ்வொரு வீட்டிலும் மூன்று நான்கு டிரம். ஏடிஸ் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். தண்ணீரை அத்தனை நாள் சேர்த்து வைத்தே ஆக வேண்டிய வீட்டில், 'தண்ணீரைத் தேங்க விடாதே' என்று சொன்னால் அந்த அம்மா என்ன செய்வாள்?

இதைத்தான் நான் சொல்ல வந்தேன் அண்ணாச்சி. அறிவுரை போய் நிற்கிற இடம் அடுப்படி. கணக்கு போய் நின்ற இடம் மேல்நிலைத் தொட்டி. அதுவரை எல்லாரும் கீழத்தெருப் பெண்களைத்தான் குறை சொன்னார்கள். நோட்டில் எண் வந்த பிறகு அந்தப் பேச்சு குறைந்தது.

ஜூலை 19, காலை 7.05

'தண்ணீர் தட்டுப்பாட்டால் டெங்கு வரும் என்பது உலகத்துக்கே தெரியும், இதில் புதிது என்ன' என்று ஒரு தோழர் எழுதியிருக்கிறார். உலகத்துக்குத் தெரியும். அந்த ஊருக்குத் தெரியாது. அந்தத் தெருவுக்கு எந்த வால்வு, எத்தனை நாள் இடைவெளி, எத்தனை டிரம் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஜூலை 19, இரவு 11.00

காலையில் எழுதியது கொஞ்சம் வெடுக்கென்று இருக்கிறது. தோழர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. ஒரே ஊர், ஒரே பருவம், சில தெரு. இதை வைத்து தமிழ்நாடு முழுக்க இப்படித்தான் என்று பிள்ளைகள் எழுதக் கூடாது. 'எங்கள் ஆய்வின் எல்லைகள்' என்று அறிக்கையில் ஒரு பகுதி எழுத வைப்போம். எனக்கு அறிக்கையில் முதலில் படிக்கப் பிடிப்பது அதுதான். 'பூட்டியிருந்த வீடுகளைப் பார்க்கவில்லை, அங்கே புழு அதிகம் இருக்கலாம்' என்று ஒரு ஆறாம் வகுப்புப் பையன் எழுதியதைப் படித்தபோது அவனை எழுந்து கும்பிடலாம் போலிருந்தது. பெரியவர்கள் அறிக்கையில் இதைத் தேடினாலும் கிடைக்காது.

ஜூலை 27, மதியம் 1.30

நோட்டு, அதாவது லாக் புக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அன்றன்று, அங்கங்கே, பேனாவில். அழிக்கக் கூடாது, அடித்து எழுதலாம். பளபளவென்று அட்டை போட்டு ஒரே மையில் ஒரே கையெழுத்தில் வந்த நோட்டை நல்ல நடுவர் ஓரமாக வைத்துவிடுவார். எண்ணெய்க் கறை, மழையில் ஊறிய பக்கம், நடுவில் ஒரு பாட்டி சொன்ன கதை இதெல்லாம் இருந்தால் நம்புவார்.

ஆகஸ்ட் 3, இரவு 9.30

இங்கே ஒரு சோதனையைச் சொல்கிறேன், வீட்டில் பெரியவர் யாராவது கூட இருந்து செய்யுங்கள். தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதுமே, எதற்கு பிரஷ் போட்டுத் தேய்க்கணும் என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். பிள்ளைகள் புழு இருந்த ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியின் தண்ணீரைக் கொட்டி, தேய்க்காமல், நிழலில் அப்படியே காயவிட்டார்கள். சில வாரம் கழித்துச் சுத்தமான தண்ணீரை ஊற்றி, வாயை வலைத்துணியால் இறுக்கிக் கட்டினார்கள். அடுத்த சில நாளில் உள்ளே குட்டிப் புழுக்கள். வெளியிலிருந்து கொசு எதுவும் போக வழியில்லை.

ஏடிஸ் முட்டையைத் தண்ணீருக்கு மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். நனைந்ததும் பொரிக்கும். இதை நான் கரும்பலகையில் எத்தனையோ வருடம் எழுதிப் போட்டிருக்கிறேன், ஒரு வீட்டுத் தொட்டியும் அதனால் தேய்க்கப்படவில்லை. அந்த வாளியை ஒரு பிள்ளை கொண்டுபோய்த் திண்ணையில் வைத்ததும் தெருப் பெண்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். அன்று சாயங்காலமே தேங்காய் நார் எடுத்துத் தேய்த்தவர்கள் உண்டு.

பார்த்து முடித்ததும் புழுவைக் கொதிநீர் ஊற்றி அழித்துவிட வேண்டும். கொசுவாகும் வரை விடக் கூடாது.

ஆகஸ்ட் 5, இரவு 8.45

அண்ணாச்சி, நீங்கள் தனியாக எழுதியதற்கு இங்கேயே பதில் சொல்கிறேன், மற்ற பெற்றோருக்கும் உதவும். ஆம், கொசுப்புழுவைக் கொல்லத் தண்ணீரில் போடும் அபேட் மருந்தைப் பிள்ளைகள் தொடவே கூடாது. 1 சதவீதக் குருணை என்றால் 100 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் என்று அளவு இருக்கிறது, அதைப் போட வேண்டியது பயிற்சி பெற்ற பணியாளர். எந்த வழிகாட்டியாவது உங்கள் மகள் கையில் மருந்து கொடுத்தால் நிறுத்துங்கள். பிள்ளைகளைக் கொசு ஒழிப்புப் பணியாளர் ஆக்குவது இதன் நோக்கம் கிடையாது. பணியாளர்களுக்கான சம்பள வேலையை இலவசமாகப் பிள்ளைகள் தலையில் கட்டுவதை நான் எதிர்க்கிறேன். ஒரு ஊரில் அப்படி நடந்ததைப் பார்த்துச் சண்டை போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. வீட்டுக்குள் போகும் முன் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டு அடுத்த வீடு போக வேண்டும். அறிக்கையில் வீட்டுக்காரர் பெயர் வரக் கூடாது, எண் மட்டும். 'இந்த வீட்டில் புழு' என்று ஊர் முன்னால் சொன்னால் அடுத்த முறை கதவு திறக்காது. பெண் பிள்ளைகள் தனியாகப் போகவே கூடாது.

ஆகஸ்ட் 20, காலை 6.45

இன்று உலகக் கொசு நாள். 1897-ல் இதே தேதியில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், மலேரியா நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றுக்குள் மலேரியா கிருமியைக் கண்டார். மலேரியா கெட்ட காற்றால் வருகிறது என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். காலை இறைவணக்கக் கூட்டத்தில் சொல்லப் போகிறேன். அவரிடம் அன்று இருந்தது ஒரு நுண்ணோக்கியும் பொறுமையும்.

செப்டம்பர் 1, இரவு 10.20

கொசுவை விட்டு வேறு எதுவும் செய்யலாமா என்று ஒரு டீச்சர் கேட்டிருந்தார். தாராளமாக. என் மனதில் நெடுநாளாக இருப்பது ரத்தசோகை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சத்துணவு 1982-லிருந்து போடுகிற மாநிலம் இது. பள்ளியில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, நீல நிறம், 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். கொடுக்கிறோம். ஜன்னல் வழியாக எத்தனை வெளியே போகிறது என்று பள்ளித் தோட்டத்தில் தேடினால் தெரியும்.

ரத்தப் பரிசோதனை பிள்ளைகள் செய்யக் கூடாது, அது வேண்டவும் வேண்டாம். ஏன் மாத்திரையை விழுங்கவில்லை என்று பெண் பிள்ளைகளே பெண் பிள்ளைகளிடம் பெயர் எழுதாத தாளில் கேட்கலாம். எங்களிடம் கேட்டதில் திரும்பத் திரும்ப வந்தது, காலையில் சாப்பிடாமல் வந்து விழுங்கினால் குமட்டுகிறது என்பதும், மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்தது என்பதும். கறுப்பாகப் போவது இரும்பினால், பயப்பட ஒன்றும் இல்லை என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்துப் பார்த்தோம், முகம் சுளிப்பது குறைந்தது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் உடம்பில் இரும்பு சேர்வது குறையும் என்பதையும் அவர்களே படித்து வந்து சொன்னார்கள், வீட்டில் அப்பாவுக்கும் சேர்த்து.

செப்டம்பர் 2, இரவு 9.00

'குழந்தையிடமிருந்து குழந்தைக்கு' என்ற திட்டம் பற்றிக் கேட்ட தம்பிக்கு: 1979 சர்வதேசக் குழந்தைகள் ஆண்டை ஒட்டி லண்டனில் தொடங்கியது. முன்னின்றவர் டேவிட் மார்லி, நைஜீரியாவில் வேலை பார்த்த குழந்தை மருத்துவர். ஏழை நாடுகளில் அக்காதான் தம்பி தங்கையை இடுப்பில் வைத்து வளர்க்கிறாள், அவளுக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்பதுதான் யோசனை. வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. நம் ஊரிலும் அறிவொளிக் காலத்திலிருந்து இது வீடு வீடாகப் போனது.

எனக்கு அதில் ஒரு மாற்றுக் கருத்து உண்டு. பெரியவர்கள் முடிவு செய்த செய்தியைப் பிள்ளை வழியாகக் கொடுப்பது ஒரு படி. பிள்ளை தானே கேள்வியை உருவாக்குவது அதற்கு மேல் படி. மார்லியின் திட்டத்திலும் தேடிப் பார், செய்து பார், சரியாக வந்ததா என்று மறுபடி பார் என்று படிகள் உண்டு. நடைமுறையில் பாட்டும் தட்டியும் மட்டும் மிஞ்சிவிடுகிறது.

செப்டம்பர் 14, இரவு 10.50

மாநாட்டைப் பற்றி எனக்கிருக்கும் வருத்தத்தையும் எழுதிவிடுகிறேன். மாவட்ட அளவுக்கு வரும் ஆய்வுகளில் ஒரு பங்கு பெரியவர்கள் செய்தது. அப்பா தட்டச்சு, அண்ணன் வரைபடம், பிள்ளை மனப்பாடம். கேள்வி கேட்டால் அடுத்த வரி மறந்து நிற்கும், பாவமாக இருக்கும். அடுத்த படிக்குத் தேர்ந்தெடுப்பது என்று ஒன்று இருப்பதால் வருகிற நோய் இது. தேர்ந்தெடுப்பதே வேண்டாம் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. மாநில அளவுக்குப் போன கிராமத்துப் பிள்ளை, வேறு மாவட்டத்துப் பிள்ளையிடம் 'நீ எத்தனை வீடு பார்த்தே?' என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு உரையாடல் வேறு எங்கும் கிடைக்காது. ஆகவே போட்டி இருக்கட்டும், நடுவர்கள் நோட்டைத் திறந்து கேள்வி கேட்கட்டும்.

அண்ணாச்சி, உங்கள் மகளின் அறிக்கையை நீங்கள் திருத்தாதீர்கள். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும்.

செப்டம்பர் 21, இரவு 9.40

கிராம சபையில் பிள்ளைகள் பேசுவது பற்றி. அக்டோபர் 2 கூட்டம் வருகிறது. பதினெட்டு நிரம்பாத பிள்ளைக்கு அங்கே வாக்கு கிடையாது, ஆனால் கண்டதைச் சொல்ல யாரும் தடுக்க முடியாது. எங்கள் ஊரில் முதல் முறை பேச நேரம் தரவில்லை. 'சின்னப் பிள்ளைகளைக் கிளப்பி விடுறீங்க' என்று என்னைத்தான் சொன்னார்கள். அடுத்த கூட்டத்தில் கீழத்தெருப் பெண்களே பிள்ளைகளின் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள். குடிநீர் விடும் நாளும் நேரமும் போர்டில் எழுதிப் போடுவதாக ஊராட்சியில் ஒப்புக்கொண்டார்கள். எழுதிப் போட்டார்கள். தண்ணீர் கூடுதலாக வரவில்லை, ஆனால் எப்போது வரும் என்று தெரிந்ததால் டிரம் குறைந்தது. பிள்ளைகள் மறுபடி எண்ணினார்கள், கீழத்தெருவில் புழு இறங்கியிருந்தது. அந்த நேரத்தில் மழையும் குறைவு, அதனால் இறங்கியதா போர்டால் இறங்கியதா என்று பிரிக்க முடியவில்லை என்று அறிக்கையில் எழுதினார்கள். இரண்டு தெருவையும் அடுத்த மழையில் மறுபடி எண்ணுகிறார்கள்.

செப்டம்பர் 22, காலை 6.30

மனு எப்படி எழுதுவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரு பக்கம் போதும். மேலே தெருவாரி அட்டவணை: பார்த்த வீடு, புழு இருந்த வீடு, தண்ணீர் வரும் இடைவெளி. கீழே ஒரே ஒரு கோரிக்கை. ஐந்தாறு கோரிக்கை வைத்தால் எளிதானதை மட்டும் செய்துவிட்டு முடித்துவிடுவார்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். தீர்மானப் பதிவேட்டில் ஏறுகிறதா என்று கூட்டம் முடியும் முன்பே பாருங்கள், பெரியவர் ஒருவர் அதற்கென்றே உட்கார வேண்டும்.